அரை மில்லி இடைவெளி

மூன்றாவது மூலையும் லொடலொடவென்று ஆடியது. ரெகுலா பலகையை உருவி மேசைமேல் போட்டாள்.

"மெஷின் தப்பா வெட்டிடுச்சா?"

"மெஷின் சொன்னதைத்தான் வெட்டும். உங்கப்பன் வரைஞ்சு வெச்சது அப்படி," என்றார் ஊர்ஸ். முப்பது வருஷமாக அப்பாவோடு அந்தப் பட்டறையில் நின்றவர்.

அப்பா அலோயிஸ் செத்து இரண்டு நாள். தன் சவப்பெட்டியைத் தானே கம்ப்யூட்டரில் வரைந்து வைத்துவிட்டுத்தான் போனார். ஆணி கிடையாது, நாலு மூலையும் பலகைகள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும் புறாவால் பூட்டு. ரெகுலா அளவைக்கூடப் பார்க்காமல் வெட்டவிட்டாள். அப்பா போட்ட அளவை யார் சரிபார்ப்பார்கள்? பூட்டுக்கும் அது நுழையும் காடிக்கும் நடுவே பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி விட்டால் வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிற மனுஷன். இதிலோ அரை மில்லி. இரண்டு மணிக்கு அப்பென்செல் ஊர்த் தச்சர்கள் அத்தனை பேரும் பெட்டியைத் தூக்க வருவார்கள். கண்ணை மூடிக்கொண்டா தூக்குவார்கள்? அப்பாவின் கடைசி வேலையைப் பார்த்து ஒருத்தன் உதட்டைப் பிதுக்கினாலும் அவளுக்குத் தாங்காது.

"கை நடுங்கிச்சு பாவம். எண்ணை மாத்தி அடிச்சிருப்பான்," என்றார் ஊர்ஸ். "பலகை இருக்கு. திரும்ப வெட்டிடலாம்."

ரெகுலா கம்ப்யூட்டரில் அளவை மாற்றப் போனாள். அந்த எண்ணைத் தொட்டதும் பக்கத்தில் அப்பாவின் குறிப்பு விரிந்தது.

'அரை மில்லியேதான். தப்பில்லை. ட்ரூடி கையாலேயே சேர்க்கட்டும்.'

ட்ரூடி அவள் அம்மா. மெஷின் வந்த புதிதில் அப்பா சின்னச் சின்ன மாதிரிப் பூட்டுகளை வெட்டிச் சமையலறைக்குக் கொண்டுவருவார். அம்மா சீஸ் துருவுவதை விட்டுவிட்டுக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். பூட்டு உள்ளே போகாவிட்டால், "உங்க மெஷினுக்குக் கண்ணு தெரியலையா?" என்பாள். அப்பா சிரித்துக்கொண்டே பட்டறைக்குத் திரும்ப ஓடுவார். எவ்வளவு நல்ல நாட்கள் அவை. இப்போது அம்மாவின் விரல்கள் வாதத்தில் கோணிக் கிடக்கின்றன; சட்டைப் பொத்தான் போட ஆள் வேண்டும்.

ரெகுலா எண்ணை மாற்றாமலே கம்ப்யூட்டரை அணைத்தாள்.

"தச்சனுங்க பார்ப்பாங்களேம்மா," என்றார் ஊர்ஸ்.

"பார்க்கட்டும்."

பலகையைத் தட்டிச் சேர்க்க அவர் கையில் வைத்திருந்த கொட்டாப்புளியை வாங்கி வைத்துவிட்டு, அம்மாவை அழைத்து வந்தாள். அம்மா கறுப்பு உடையின் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். பலகையைக் கொஞ்ச நேரம் தடவினாள். பிறகு உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். பூட்டு சத்தமில்லாமல் உள்ளே போனது.

"இன்னிக்குத்தான் ஒழுங்கா வெட்டியிருக்காரு," என்றாள் அம்மா, அடுத்த மூலைக்கு நகர்ந்தபடி.