அண்ணனுக்கு டீ

தாம்பரம் மாலை வகுப்பில் இந்த வாரப் பயிற்சி: நானூறு வருடத்துக்கு முந்தைய ஓர் ஆங்கில நாடகத்தில் யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்று குறிக்க வேண்டும். அந்தக் கால ஆங்கிலத்திலும் நம்மைப் போல நீ, நீங்கள் இரண்டும் இருந்தன. நெருக்கத்துக்குப் பச்சை, மரியாதைக்கு நீலம், விலக்கத்துக்குச் சிவப்பு என்று பேனா வைத்துக்கொண்டேன். பல இடங்களில் நீலமா சிவப்பா என்று தெரியவில்லை. தேவானந்தம் சாரிடம் கேட்டேன்.

"பேசறவங்கள விடும்மா. பக்கத்துல நிக்கறவங்க மூஞ்சியப் பாரு. அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார்.

புத்தகத்தில் மூஞ்சி எங்கே இருக்கிறது என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

சேலையூரில் வீட்டு வாசலில் அசார் மச்சானின் பைக் நின்றது. என் தாய்மாமன் மகன், எனக்கு முறை. "இவ படிப்பு முடியட்டும், நிக்காஹ் வெச்சிடலாம்" என்று அவர் அம்மா பரிதா மாமியே சொல்லியிருந்தார். நான் டீ போட்டால் "மச்சானுக்குன்னா மட்டும் ஏலக்கா தட்டுவா" என்று கேலி செய்வார். இன்று மாமியும் கூட வந்திருந்தார். இன்றும் ஏலக்காய் தட்டினேன்.

தட்டோடு வந்ததும் மாமி சொன்னார்: "மொதல்ல அண்ணனுக்குக் குடும்மா."

எந்த அண்ணன் என்று திரும்பிப் பார்த்தேன். எனக்கு அண்ணன் கிடையாது. பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அம்மாவுக்கு முன்பே தெரிந்திருந்தது.

வாய் தவறியும் வந்திருக்கலாம். சோதித்துப் பார்க்கத் தோன்றியது.

"சக்கரை போதுமா மச்சான்?"

அவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போதும்மா."

போன வாரம்வரை நான் அவருக்கு 'லூசு', 'இங்கிலீஷ் டீச்சரு'.

மாமி பிஸ்கட்டை டீயில் நனைத்தார். "கேளம்பாக்கத்துல ஒரு எடம் வந்துருக்கு. ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்கப் போறோம். தங்கச்சின்னு நீதான் பூ வெக்கணும்."

"எக்ஸாம் இருக்கு மாமி."

"அண்ணனுக்காக ஒரு நாள் வரமாட்டியா?"

கிளம்பும்போது மாமி பைக்கில் ஏறி உட்கார்ந்தும் மச்சானை வண்டியை எடுக்க விடவில்லை.

"அண்ணனுக்கு சலாம் சொல்லு."

சலாம் மட்டும் சொன்னேன். அந்தச் சொல்லைச் சேர்க்கவில்லை. அவர் பதில் சலாம் சொல்லி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். வண்டி கேம்ப் ரோட்டுப் பக்கம் திரும்பியது.

உள்ளே அவர் டம்ளரில் டீ அப்படியே ஆடை கட்டியிருந்தது. யாரும் சண்டை போடவில்லை. முறிந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை.

"நீயாச்சும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லம்மா?"

அம்மா குழாயைத் திறந்தார். அவருக்கு இருப்பது ஒரே தம்பி. அந்த வீட்டு வாசல் மூடிவிடக் கூடாது. வெகுநேரம் ஒரே தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணன் டம்ளரையும் எடுத்துட்டு வா" என்றார், திரும்பாமல்.