வாயைத் திறக்கச் சொன்னவர்கள்

பள்ளியின் அறிவியல் கூடத்தைப் பலகை வைத்துத் தடுத்து, ஒரு பக்கம் நர்ஸுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து, குடிப்பழக்கம் உண்டா, அடிதடி, மட்டம் போடுவது என்று வேறு தொல்லை உண்டா என்று விசாரிப்பது அவள் வேலை. இங்கே சொல்வது வெளியே போகாது, வேண்டுமென்றால் ஆஸ்பத்திரியில் உதவி கிடைக்கும் என்று எல்லோருக்கும் முதலிலேயே வாக்குக் கொடுத்தாள்.

பெரும்பாலான பிள்ளைகள் இல்லை என்று தலையாட்டிவிட்டு ஓடினார்கள். ஆசிரியர்கள் சண்டைக்கோழி என்று பெயர் வைத்திருந்த பெண் மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். போன வாரம்தான் ஒருத்தியின் மூக்கை உடைத்திருந்தாள். வெகுநேரம் நகத்தைக் கடித்துவிட்டுச் சொன்னாள்.

"அண்ணன் குடிச்சுட்டு வந்து வீட்டையே ரெண்டாக்குவான் சிஸ்டர். அம்மாவுக்கு ராத்திரி வேலை. அவன் வெச்சிருக்கறதுல கொஞ்சம் குடிச்சா அவன் கத்துறது காதுல விழாது. இப்பல்லாம் காலையிலயும் உடம்பு அதக் கேக்குது."

நர்ஸ் திட்டவில்லை. நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப்போவதாகச் சொன்னாள்.

மறுநாள் அந்தப் பெண் வரவில்லை. விசாரித்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. பலகைக்கு அந்தப் பக்கம் வகுப்பாசிரியரை ஒட்டுக்கேட்க உட்காரவைத்திருந்தார் தலைமையாசிரியர். முந்தின நாள் சாயங்காலமே அவள் அம்மாவை வரவழைத்து, பிள்ளையை இனி அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

 நர்ஸ் அனுமதி கேட்காமல் அவர் அறைக்குள் போனாள். அவர் அசரவில்லை. மற்ற பெற்றோருக்கு யார் பதில் சொல்வது என்றார். நர்ஸின் உபயத்தால்தான் விஷயம் தெரிந்தது என்று நன்றிகூடச் சொன்னார்.

"பிடிச்சுக் குடுக்க நான் போலீஸ் இல்ல சார். காய்ச்சல்னு சொல்ற பிள்ளையத் துரத்துவீங்களா? என்னை நம்பித்தான் அவ வாயத் திறந்தா. என்னை வெச்சே அவ கழுத்த அறுத்துட்டீங்க."

"மெதுவா பேசுங்க சிஸ்டர். பசங்க காதுல விழும்."

"விழட்டும்."

வெளியே முறைக்காகக் காத்திருந்த பிள்ளைகளிடம், இந்த இடத்தில் யாரும் எதையும் சொல்ல வேண்டாம், தேவைப்பட்டால் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று உரக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

பெண்ணின் வீட்டில் அம்மா கதவைப் பாதிதான் திறந்தாள். தூக்கமில்லாத கண்கள் சிவந்திருந்தன.

"குடிச்சாலும் ஸ்கூலுக்குப் போயிட்டிருந்தா. நீங்க வந்து கேட்டீங்க. இப்ப நாள் பூரா அவனோட அடைஞ்சு கெடக்கறா. இனி என்ன கேக்கணும்?"

 நர்ஸ் அங்கிருந்து நேரே சுகாதார அலுவலகத்துக்குப் போனாள். அந்தப் பெண்ணைத் திரும்பச் சேர்க்கும்வரை எந்தப் பள்ளியிலும் உட்காரமாட்டேன் என்று மேலதிகாரியிடம் அடம்பிடித்தாள். அவர் முதலில் மழுப்பினார். மற்ற நர்ஸுகளும் சேர்ந்துகொண்ட பிறகே கல்வித் துறைக்குப் புகார் போனது. பள்ளி வேறு வழியில்லாமல் அவளைச் சேர்த்துக்கொண்டது. தலைமையாசிரியர் ஒரு மன்னிப்பும் கேட்கவில்லை.

அம்மா மகனை வீட்டைவிட்டு வெளியேற்றினாள். பெண்ணை அவளே டாக்டரிடம் அழைத்து வந்தாள். ஆஸ்பத்திரி நடையில் எதிரே வந்த நர்ஸைப் பார்த்ததும் அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தக் கோபம் நியாயம் என்று நர்ஸுக்குப் பட்டது. நர்ஸ் அவளைக் கூப்பிடாமல் ஒதுங்கி வழிவிட்டாள்.