அடுத்த வளவு வெளிச்சம்

பெட்டியில் கிடத்தியிருந்த கணவர் நீக்கிலாப்பிள்ளையின் குளிர்ந்த விரல்களுக்கிடையில் திரேசம்மா செபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்தபோது செலீன் இறுதிச்சடங்கு மண்டபத்துக்குள் வந்தாள். திரேசம்மா நிமிரவில்லை.

பிரெஞ்சு பேசும் அந்த நகரத்தின் செயின்ட்-மிஷேல் பகுதியில் அவர்களுடைய வீட்டுக்குப் பக்கத்தில் கார் திருத்தும் கராஜ் வைத்திருப்பவள் செலீன். எண்பத்தேழாம் ஆண்டுக் கோடையில் கராஜ் சுவரில் பெரிய விளக்கொன்று பூட்டினாள். அதன் வெளிச்சம் நேரே நோயாளியான அவரின் கட்டிலில் விழுந்தது. ஜன்னலுக்குப் போர்வை கட்டினாலும் ஓரங்களால் வந்தது.

"அதை ஒருக்கா நிப்பாட்டச் சொல்லன், திரேசா." கடைசிக் கிழமையிலும் அவர் அதைத்தான் கேட்டார்.

அவள் சும்மா இருக்கவில்லை. அடுத்த வீட்டு வளவுக்குள் வெளிச்சம் விழக்கூடாதென்று சட்டம் இருப்பதாகக் கோயிலில் பழக்கமான, பிரெஞ்சு தெரிந்த எலிசா சொன்னாள். நகரசபைக்கு எலிசாவே போன் எடுத்தாள். அதிகாரி ஒருவர் வந்தார். செலீனும் வந்து நின்றாள். திரேசம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது; அன்று எலிசாவும் வரவில்லை. தம்பி விமலநாதனிடம், "அத்தானுக்கு நித்திரையே இல்லை, கண்ணுக்குள்ள குத்துது எண்டு சொல்லு" என்றாள். அவன் ஏதோ சொன்னான். அதிகாரி தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

"சட்டப்படி பிழையில்லையாம், அக்கா. ஒண்டும் செய்யேலாதாம்."

இப்போது பெட்டியருகே எலிசா செலீனிடம் கோபமாக எதையோ கேட்டாள். செலீன் திகைத்துப்போய்ப் பதில் சொன்னாள். அவளுடைய கண்கள் கலங்கியிருந்தன.

"என்னவாம்?" என்றாள் திரேசம்மா.

எலிசா தயங்கினாள். "அவருக்கு இவ்வளவு வருத்தமெண்டு தனக்குத் தெரியாதாம், அக்கா. தெரிஞ்சிருந்தா அண்டைக்கே விளக்கைத் திருப்பியிருப்பாவாம். அந்த நகரசபை ஆள், உங்களுக்குக் கரைச்சலா எண்டு கேட்டவராம். ஒரு கரைச்சலும் இல்லை, அக்காவுக்கு அந்த வெளிச்சம் உதவி எண்டு விமலநாதன் அண்ணைதான் சொன்னவராம்."

விமலநாதன் கதவடியில் நின்றான். அகதி வழக்கு முடியாத அவனுக்கு அந்தக் கராஜில் மட்டுந்தான் வேலை கிடைத்திருந்தது. திரேசம்மா அவனிடம் போனாள்.

"என்னடா சொன்னனீ அண்டைக்கு?"

"அவ முன்னால நிண்டவ, அக்கா. நான் என்ன செய்யிறது?"

"ஒண்டும் செய்யேலாதாம் எண்டு நான் உன்ர அத்தானிட்டச் சொன்னனேடா."



மண்டபத்து ஊழியர் வந்தார். பெட்டியின் மூடியில் கை வைத்தபடி அவளிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டார்.

"அக்கா, அவர் என்ன கேக்கிறாரெண்டா..." என்று விமலநாதன் நெருங்கி வந்தான்.

அவள் கையை உயர்த்தி அவனை நிறுத்தினாள். ஊழியரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் அதையே இன்னொரு தரம், இன்னும் மெதுவாகக் கேட்டார்.