விற்பனைக்கு வந்த கூரை

கையில் பணம் சேர்ந்தால் எல்லாரும் வீடு வாங்கி வாடகைக்கு விடுவார்கள். வெர்னா பழைய சாமான் சந்தையை வாங்கினாள். அலபாமா நெடுஞ்சாலை ஓரத்தில் தகரக் கொட்டகைகள், உள்ளே மேசைகள், அவ்வளவுதான். ஊரே சிரித்தது. ஆனால் வியாபாரிகள் தரும் மேசை வாடகைதான் இத்தனை வருடமாக அவளுக்குச் சோறு போட்டது.

செவ்வாய்க்கிழமை வந்த சூறாவளி பெரிய கொட்டகையின் கூரையை வாரிக்கொண்டு போனது. காப்பீட்டுக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். கூரை இல்லாவிட்டால் வியாபாரிகள் வரமாட்டார்கள். அவர்கள் இல்லாவிட்டால் அது வெறும் பொட்டல். கிடங்கு கட்டும் கம்பெனி ஒன்று நிலத்தைக் கேட்டது. திங்கட்கிழமை கையெழுத்துப் போடுவதாக வெர்னா ஒப்புக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையில் வியாபாரிகளிடம் விஷயத்தைச் சொல்ல வந்தாள். பழைய கருவிகள் விற்கும் ஹோபர்ட்டின் மேசையருகே அவளுடைய கூரைத் தகடுகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸில் விலை: தொள்ளாயிரம் டாலர்.

"என் கூரையை எனக்கே விக்கிறியா, ஹோபர்ட்?"

ஹோபர்ட் வேகவைத்த கடலையை நிதானமாக உரித்தார். "விலை எழுதாம வச்சா, சும்மா கெடக்குதுன்னு நம்ம ஜனம் தூக்கிட்டுப் போயிடும், மிஸ் வெர்னா. கம்மியா எழுதினா வாங்கிட்டுப் போயிடும். அதான் எந்தப் பைத்தியமும் வாங்காத விலையா எழுதி வச்சேன்."

அப்படியும் ஒருவர் எழுநூறுக்குப் பேரம் பேசிப் பார்த்தாராம்.

தகடுகள் பருத்திக் காட்டிலும் கோழிப்பண்ணை வேலியிலும் சிதறிக் கிடந்தனவாம். புதன்கிழமை முதல் வியாபாரிகள் எல்லாருமாகப் பொறுக்கி வந்து, நெளிந்ததைத் தட்டி நிமிர்த்தியிருந்தார்கள். இன்று கூட்டம் கலைந்ததும் மேலே ஏற்றுவதாகத் திட்டம்.

நிலத்தை மட்டும் வாங்கியதாக நினைத்திருந்தாளே தவிர, இத்தனை பேரையும் சேர்த்துப் பெற்றிருப்பது அவளுக்குத் தெரியாமல் போயிற்று. நன்றி சொன்னாள், இன்று யாரும் வாடகை தர வேண்டாம் என்றாள்.

ஹோபர்ட் பணத்தை அவள் கையில் திணித்தார். "வாங்கிக்குங்க. வாடகை குடுத்தாத்தான் அடுத்த வாரமும் இது எங்க எடம்."

சாயங்காலம் கம்பெனிக்காரருக்குப் போன் போட்டாள். கையெழுத்துப் போடப் போவதில்லை என்றதும் அவர் விலையைக் கூட்டினார். அவள் அசையவில்லை, இன்னும் கூட்டினார்.

"அது விக்கிற சாமான் இல்லீங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, ஹோபர்ட்டுக்கு ஏணியைப் பிடித்துக்கொள்ளப் போனாள்.