நூறு கிராம் குறைவு

அவள் அண்ணனுக்கு ஓட்டம் என்றாலே ஆகாது. ஜிம் வைத்திருப்பவன், தன் புஜத்தைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டு பேசுகிறவன். "ஓட ஓட உடம்பு கரையும். ராணுவத்துக்கு ஆள் வேணும், நிழல் வேணாம்" என்பான். ஒல்லியாக இருப்பதால் குச்சி என்று பேர் வாங்கிய அவளுடைய தோழிக்கோ எடை தூக்குவதைக் கண்டால் எரிச்சல். "சதையெல்லாம் சுமைடி. அதையும் தூக்கிக்கிட்டு எப்படி ஓடுவே?" என்பாள். இந்த இரண்டு பேர் பேச்சையும் நம்பி அவள் ராணுவத்தில் சேர்வதற்கான தேர்வை இரண்டு தடவை கோட்டை விட்டாள்.

முதல் தடவை குச்சியோடு தினமும் ஓடினாள். ஓட்டத்தில் நான்காவதாக வந்தவளை எடை மேடையில் ஏற்றி, மூன்று கிலோ குறைவு என்று இறக்கி அனுப்பினார்கள். இரண்டாம் தடவை அண்ணன் பேச்சைக் கேட்டாள். தேர்வுக்கு முதல் நாள்கூட, "காலுக்கு ஒரு முறுக்கு ஏத்திடலாம்" என்று பாரத்தைத் தோளில் வைத்து நூறு முறை உட்கார்ந்து எழ வைத்தான். மறுநாள் மைதானத்தில் அவள் தொடை இரண்டும் யாருடையவோ போலிருந்தன. பதினோரு நொடி தாமதத்தில் வாய்ப்பு போயிற்று.

இது மூன்றாவது. அடுத்த தேர்வு வருவதற்குள் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். இதை விட்டால் ஆயுசுக்கும் கேன்தான். வீடு வீடாகக் குடிதண்ணீர் கேன் போடுவது அவள் வேலை. இருபது லிட்டர் கேனைத் தோளில் ஏற்றி மூன்று மாடி, நான்கு மாடி. லிஃப்ட் இருக்கிற கட்டடங்களில் காவலாளி லிஃப்டை விடமாட்டார். தண்ணீர் சிந்துமாம்.

இந்தத் தடவை அவள் யாரையும் கேட்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள் பாரம் தூக்கினாள், அன்றைக்கு ஓடவில்லை. இரண்டு நாள் மூச்சு வாங்காமல், பக்கத்தில் ஆள் இருந்தால் ஊர்க்கதை பேசிக்கொண்டே போகலாம் என்கிற வேகத்தில் வெகுதூரம் ஓடினாள். ஒரே ஒரு நாள் மட்டும் உயிரைக் கொடுத்து ஓடினாள். மிச்ச நாளில் வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கினாள். தேர்வுக்கு நான்கு நாள் முன்பு கேன் வேலைக்கும் லீவு சொல்லிவிட்டு, நாற்காலியைப் போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தாள் பாருங்கள், அதுதான் வீட்டில் யாருக்கும் பொறுக்கவில்லை.

"பரீட்சை நேரத்துல இப்படியா உக்காருவா ஒருத்தி?" என்று அண்ணன் குதித்தான். எலியும் பூனையுமாக இருந்த அவனும் குச்சியும் அன்றைக்குத்தான் முதன்முறையாக ஒத்துப்போனார்கள். குச்சி வாசலில் நின்று, "கெட்டுச்சு போ" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"கெட்டா என் கால்தானே கெடுது? உங்க கால் நல்லாத்தானே இருக்கு? போங்க ரெண்டு பேரும்."

சொல்லிவிட்டாளே தவிர, உள்ளுக்குள் பயம் இருந்தது. அந்தப் பயத்துக்கு ஒரே மருந்து அண்ணன் ஜிம்மில் இருந்த எடை மெஷின். குறைந்தபட்சம் ஐம்பது கிலோ வேண்டும். மெஷின் ஐம்பது நானூறு காட்டியது. கடைசி நாள் மட்டும் மூன்று முறை ஏறிப் பார்த்துக்கொண்டாள்.

தேர்வு மைதானத்தில் இந்தத் தடவை முதலில் எடை. மேடைக்குப் பக்கத்தில் நரைத்த மீசையோடு ஓர் அதிகாரி, மடியில் அட்டை. அவள் ஏறினாள். நாற்பத்தொன்பது தொள்ளாயிரம்.

"நூறு கிராம் குறைவும்மா."

"சார், இன்னொரு தடவை..."

"மறு எடை ஒரே தடவைதான். இப்பவே வரிசைக் கடைசியில போய் நிக்கலாம். இல்லேன்னா ஓட்டம், மூட்டை எல்லாம் முடிச்சிட்டு வரலாம். எதுன்னு யோசிச்சு சொல்லு."

அவள் கம்பி வேலியோரம் போனாள். வேலிக்கு அப்பால் அண்ணன் நின்றிருந்தான், கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"நம்ம மெஷின் அரை கிலோ கூடத்தான் காட்டும்" என்றான் மெதுவாக.

"எப்போலேர்ந்து?"

"வாங்கினதுலேர்ந்து. நான்தான் அப்படி வச்சேன். உடம்பு ஏத்த வர்றவன் மனசு விட்டுடக் கூடாது பாரு... உன்கிட்ட சொல்ல மறந்துட்டேன்."

அவளுக்கு ரத்தம் கொதித்தது. வேலி மட்டும் இல்லையென்றால் அன்றைக்கு அவனை ஒரு கை பார்த்திருப்பாள்.

"திட்டறதை அப்புறம் திட்டிக்கோ. இப்போ இதைக் குடி. குடிச்சிட்டு மறுபடி ஏறு. எல்லாரும் அதைத்தான் பண்றாங்க."

உண்மைதான். வரிசைக் கடைசியில் ஏழெட்டுப் பேர் அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். தேர்வுக்கு வந்திருந்த குச்சியும் அதில் ஒருத்தி. இரண்டாவது பாட்டிலில் இருந்தாள்.

"ஒரு லிட்டர்னா ஒரு கிலோ" என்றாள் அவள், அண்ணனைப் பார்த்து. "அதை வயித்துல வச்சுக்கிட்டு நாலு சுத்து ஓடச் சொல்றியா?"

"ஓடிட்டு வந்தா வேர்வையில இன்னும் இறங்கிடுவே. சொன்னாக் கேளு!"

"ரெண்டு வருஷம் கேட்டேன். பாட்டிலோட அங்கேயே நில்லு, மூடியைத் திறக்காதே."

அதிகாரியிடம் போய், "ஓடிட்டு வர்றேன் சார்" என்றாள். நான்கு சுற்று, எட்டு நிமிடத்துக்குள். முதல் சுற்றில் அவளை எல்லோரும் முந்தினார்கள். அவள் அசரவில்லை. மூன்றாம் சுற்றில் குச்சி விலாவைப் பிடித்துக்கொண்டு பாதையோரம் குனிந்து நின்றாள். குடித்ததெல்லாம் வாய் வழியாக வந்துகொண்டிருந்தது. இவளைவிட நன்றாக ஓடுகிறவள் அவள். பார்க்கப் பாவமாக இருந்தது இவளுக்கு, ஆனால் நிற்கவில்லை. கடைசிச் சுற்றில் காலிடம் வேகம் கேட்டாள், கால் கொடுத்தது. ஏழு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி.

அடுத்து இருபத்தைந்து கிலோ மணல் மூட்டையோடு நூறு மீட்டர். அதைத் தோளில் போட்டுக்கொண்டவள், இதற்கு மாடி கிடையாதா என்பதைப் போல ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் நடந்தாள்.

பிறகு நேராக வேலிக்குப் போனாள். வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது, எடை எவ்வளவு இறங்கியிருக்குமோ தெரியவில்லை. அண்ணன் கம்பி இடுக்கில் பாட்டிலை நீட்டினான். ஒரே மூச்சில் குடித்தாள். கண்ணில் நீர் முட்டியது, புரையேறியது, விடவில்லை. ஒரு சொட்டு மிச்சமில்லை.

மேடையில் ஏறினாள். எண்கள் நாற்பத்தொன்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையே ஊசலாடின. அவள் மூச்சைக்கூட விடவில்லை. நின்றது. ஐம்பது இருநூறு.

அதிகாரி அட்டையில் எழுதிவிட்டு நிமிர்ந்தார். "மத்தவங்க மாதிரி முன்னாடியே குடிச்சிருந்தா இவ்வளவு நேரம் உயிரைக் கையில பிடிச்சிக்கிட்டு இருக்க வேண்டாமே. என்ன பிடிவாதம் உனக்கு?"

அவள் மேடையை விட்டு இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு விறைப்பாக நின்றாள்.

"தண்ணி சுமக்கறதுதான் சார் என் வேலை. இன்னைக்கு நான் லீவு."