மிதித்தவன் கை

நம்ஜிலை அடித்துக் கொல்வதென்று முடிவு கட்டிக்கொண்டுதான் கோன்சிக் அன்று காலை பூட்ஸை மாட்டினான்.

அந்தப் பாழாய்ப்போன குளிர்காலம் முந்நூறு ஆடுகளில் எண்பதை மட்டும் விட்டுவைத்திருந்தது. மிச்சமெல்லாம் விறைத்த கட்டைகளாகக் கூடாரத்துக்கு வெளியே அடுக்கிக் கிடந்தன. தெற்கே புல் தலைகாட்டிவிட்டதாகச் சேதி வந்தது. எண்பதையும் அங்கே ஓட்டிப் போனால்தான் பிழைப்பு. அதற்குக் குதிரை வேண்டும். இருந்தது ஒரே ஒரு பழுப்புக் குதிரை. அதையும் மூன்று நாளைக்கு முன்னால் அடுத்த மேய்ச்சல்வெளிக்காரன் நம்ஜில் அவிழ்த்துக்கொண்டு போய்விட்டான்.

மனைவி செவெல் குறுக்கே வந்து நின்றாள்.

"குதிரைய மட்டும் ஓட்டிட்டு வா. வேற ஒண்ணும் வேணாம்."

"அவன் கையால டீ வாங்கிக் குடிச்சுட்டு வரச் சொல்றியா?"

"நீ ஜெயிலுக்குப் போயிட்டா ஆட்ட யாருய்யா ஓட்டுறது?"

கோபத்தில் வெடுக்கென்று திரும்பியவள் அவன் காலை மிதித்துவிட்டாள். மறுநொடியே மாவு ஒட்டிய கையை நீட்டினாள். அவனும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே அதைப் பிடித்தான். அந்தப் பக்கத்து வழக்கம் அது: மிதித்தவர் கை நீட்ட வேண்டும், மிதிபட்டவர் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பகை. பேச்சுவார்த்தை இல்லாத நாட்களில்கூட இருவரும் இதில் தவறியதில்லை.

முழங்கால் பனியில் நான்கு மணி நேரம் நடந்தான். நம்ஜிலின் கூடாரத்துக்கு வெளியே பழுப்புக் குதிரை தலையைத் தொங்கப்போட்டு நின்றது. விலா எலும்பை எண்ணலாம். வாயோரம் ரத்தம் காய்ந்திருந்தது. அதைப் பார்த்த கோன்சிக் அப்படியே உள்ளே பாய்ந்திருக்க வேண்டும். மனுஷன் என்ன செய்தான் தெரியுமா? வாசலில் நின்று, "நாயப் புடிங்கப்பா" என்று குரல் கொடுத்தான். எந்தக் கூடாரத்துக்குப் போனாலும் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிப்போன பேச்சு. நம்ஜிலின் நாய் குளிரில் செத்தது அவனுக்கும் தெரியும். அதோடு விட்டானா? சவுக்கோடு வீட்டுக்குள் போகக்கூடாதென்று இடுப்பில் இருந்ததையும் வெளியே செருகிவிட்டு வெறுங்கையோடு கதவைத் திறந்தான்.

நம்ஜில் ஐஸ் உடைக்கிற சுத்தியலோடு காத்திருந்தான். முதல் அடி கோன்சிக்கின் தோளில் இறங்கியது.

"போயிடு அண்ணே. அன்னைக்குப் பொண்டாட்டிக்குப் பிரசவ வலி எடுத்துருச்சு. என் குதிர ஒண்ணுகூட மிஞ்சல. ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டத்தான் எடுத்தேன். அவள அங்க விட்டுட்டு இப்பத்தான் வந்தேன். நாளைக்குக் கொண்டாந்து விட்டிருப்பேன்."

"என் ஆடெல்லாம் செத்தப்புறமாடா?"

கோன்சிக் தலையால் முட்டினான். நம்ஜிலின் மூக்கு உடைந்து ரத்தம் தாடியில் வழிந்தது. இருவரும் கட்டிப் புரண்டார்கள். டீச்சட்டி கவிழ்ந்து கோன்சிக்கின் தொடை வெந்தது. அவன் நம்ஜிலின் காதைக் கடித்தான். வாயில் உப்புக் கரித்தது, துப்பினான். சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தான். நம்ஜிலும் தூணைப் பிடித்துத் தள்ளாடி எழுந்தான். எழுந்தவன் நிலைதடுமாறிக் கோன்சிக்கின் காலை மிதித்துவிட்டான்.

மிதித்ததும் அவன் வலது கை தானாக நீண்டது.

ரத்தம் கண்ணை மறைக்க, மூச்சு வாங்க, அந்த ஆள் கை நீட்டிக்கொண்டு நின்றான். கோன்சிக்கின் இடது கையும் போய் அதைப் பிடித்தது. பிடித்த கையை விடாமல் அடுப்பின் இரும்பு விளிம்புக்கு இழுத்துவைத்து, சுத்தியலை ஓங்கி இறக்கினான். இரண்டு தடவை. நம்ஜில் உடனே அலறவில்லை. தன் கையைப் பார்த்தான், பிறகு கோன்சிக்கைப் பார்த்தான். அதற்கப்புறம்தான் அலறினான்.

பொழுது சாய்வதற்குள் கோன்சிக் குதிரையோடு வீடு வந்தான். செவெல் அவன் தொடையில் வெண்ணெய் தடவினாள். அவன் ஒன்று விடாமல் சொன்னான். பெருமையாகத்தான் சொன்னான்.

"கைய அவனா நீட்டினான்?" என்றாள்.

"ஆமா. கால மிதிச்சுட்டான்ல. பழக்கம்."

"நீ புடிச்சியா?"

"புடிச்சதாலதானே நொறுக்க முடிஞ்சுது."

அவள் வெண்ணெய்க் கிண்ணத்தை மூடி வைத்தாள்.

மறுநாள் விடிந்ததும் கூடாரத்தைப் பிரித்தார்கள். கழிகளைச் சுமந்து பின்னால் நகர்ந்த கோன்சிக் அவள் காலை நன்றாக மிதித்துவிட்டான். கழிகளைப் போட்டுவிட்டுக் கையை நீட்டினான்.

செவெல் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு தன் கையை அங்கியின் நீண்ட கைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"கயித்தக் கட்டு. நேரமாகுது" என்றாள்.