எழுப்பிவிட ஒரு ஆள்

உங்கள் வீட்டுத் தூங்குமூஞ்சியை வெளியூர்க் கல்லூரிக்கு அனுப்பவேண்டி வந்தால், காலையில் எழுப்பிவிட யாரை நம்பி அனுப்புவீர்கள்?

மருந்துக்கடைக்காரிக்கு அதுதான் கவலை. மகள் கெட்டிக்காரி, பரீட்சை என்றால் பின்னியெடுத்துவிடுவாள். ஆனால் படுத்தால் கட்டை. போர்வையை உருவி, முகத்தில் தண்ணீர் தெளித்து, தொண்டை வறளக் கத்தினால்தான் ஒரு கண் திறக்கும். அந்தக் கல்லூரியிலோ, காலை வகுப்புக்கு ஒழுங்காக வராதவர்களைப் பரீட்சை எழுத விடமாட்டார்களாம்.

விடுதியில் அறைத்தோழியை மாணவிகளே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று போனில் ஒரு குழு ஆரம்பித்திருந்தார்கள். தன்னைப் பற்றி நாலு வரி போடவேண்டும். பிடித்துப்போனால் பேசி முடிவு செய்யவேண்டும்.

"நீயே யாரையாவது பாத்துப் போடும்மா," என்று மகள் புரண்டு படுத்தாள்.

மகள் பெயரில் அம்மா எழுத உட்கார்ந்தாள். உள்ளதை எழுதினால் ஈ, காக்கா எட்டிப் பார்க்காது. அதனால் தன்னைப் பற்றியே எழுதினாள். வெளிச்சம் வருமுன் எழுந்துவிடுவேன், சாப்பிட்ட தட்டைக் காயவிடமாட்டேன், கலைத்த துணியை மடிக்காமல் உட்காரமாட்டேன்.

உடனே ஒருத்தி பதில் போட்டாள்: "நானும் அப்படித்தான்ப்பா. எனக்கு அலாரமே வேணாம்."

அம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. இருவரும் தினமும் பேச ஆரம்பித்தார்கள். எண்ணெய்க் கறைக்கு மாவைத் தூவி வைக்கச் சொன்னது அந்தப் பெண். ஒருநாள், "முட்டி வலிக்கு எந்தத் தைலம் நல்லது?" என்று கேட்டது. கொஞ்சம் பொறுத்து, "எங்க அம்மாவுக்கு" என்று இன்னொரு வரி வந்தது.

"பாருடி, உன் வயசுதான். அம்மா முட்டியைப் பத்தி எவ்ளோ அக்கறை!"

"அப்போ அவளையே தத்தெடுத்துக்கோ," என்றது போர்வை.

சேர்க்கை நாளன்று அம்மாவும் மகளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார்கள். அறையில் புது பெயின்ட் வாடை. இரண்டு இரும்புக் கட்டில்கள். ஒன்றில் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒரு பெண் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் மாவு ஒட்டிய ஒரு பேக்கரிக்காரி அவள் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"எழுந்திருடி எருமை! அந்தப் பொண்ணு வர்ற நேரம். மானத்தை வாங்காதடி!"

மருந்துக்கடைக்காரி பெட்டியைக் கீழே வைத்தாள். எதற்கும் பார்ப்போம் என்று, வாசலில் நின்றபடியே போனில் தட்டினாள்: "நான் வந்துட்டேன்."

பேக்கரிக்காரியின் கைப்பையில் மணி அடித்தது. அவள் கண்ணாடியை மாட்டி, படித்து, மெல்லத் திரும்பினாள்.

"நீங்களா?"

"அப்போ… நீங்களா?"

"உங்க பொண்ணு என் பொண்ணை எழுப்பிவிட்டுடும்னு நம்பி வந்தேனே!"

"நான் மட்டும் வேற எதுக்கு வந்தேன்? இதுங்களைக் கட்டி மேய்க்கறதுக்குள்ள நம்ம உசுரு போயிடும் அக்கா!"

இதற்குள் மருந்துக்கடைக்காரியின் மகள் காலிக் கட்டிலில் சாய்ந்துவிட்டிருந்தாள். "மெத்தை சூப்பரா இருக்கும்மா."

அம்மாக்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். பிறகு சிரித்தார்கள். பிறகு பெட்டிமேல் உட்கார்ந்து, வார்டன் வந்து விரட்டும்வரை பேசினார்கள்.

"கவலைய விடுங்க," என்றாள் மருந்துக்கடைக்காரி, படியிறங்கும்போது. "காலைல நீங்க உங்க பொண்ணுக்குப் போன் போடுங்க, நான் எம்பொண்ணுக்குப் போடறேன். எடுக்கற வரைக்கும் விடக்கூடாது."

"விடுவேனா!"

மறுநாள் வெளிச்சம் வருமுன் இருவரும் எழுந்தார்கள். மருந்துக்கடைக்காரி முதலில் பேக்கரிக்காரியைக் கூப்பிட்டு, முட்டி எப்படியிருக்கிறது என்று கேட்டாள். பேச்சு நீண்டது. மகள்கள் இரண்டு பேரும் முதல் வகுப்புக்குப் போகவில்லை.